வால்ஹெய்மில் எந்தத் திறனை முதலில் ஏற்றுவது: புல்வெளி முதல் சதுப்புநிலம் வரை

ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்பு முடிந்ததும் அண்ணன் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பையன்களும் யாங்கோன் திங்கான்ஜூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு டெஸ்க்டாப், ஒரு பழைய லேப்டாப். கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் வால்ஹெய்ம் என்ற கணினி விளையாட்டை ஆடுவோம். இதுவரை ஆறு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு பேரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: திறன் பட்டியலைத் திறந்து, எல்லா எண்களையும் ஏற்றப் பார்க்கிறார்கள்.

இந்த விளையாட்டில் திறனுக்குப் புள்ளி வாங்கிச் செலவழிக்கும் முறை கிடையாது. எதைச் செய்கிறோமோ அது ஏறும். அப்படியானால் முன்னுரிமை எதற்கு என்று கேட்கலாம். உங்கள் நேரம், மான்தோல், வெண்கலம் மூன்றும் குறைவு. செத்தால் ஏறியதும் இறங்கும். அதனால் வரிசை முக்கியம்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பையைத் திறந்தால் அந்தத் திரையிலேயே திறன் பட்டியலுக்கான பொத்தான் இருக்கும். ஒவ்வொரு திறனும் 0 முதல் 100 வரை. மேலே போகப் போக ஒரு லெவல் ஏற அதிக உழைப்பு வேண்டும். 10-லிருந்து 11 ஆவது சில நிமிட வேலை. 40-லிருந்து 41 அப்படி அல்ல.

திறன்கள் உங்கள் கதாபாத்திரத்தோடு இருப்பவை, உலகத்தோடு அல்ல. புது உலகம் தொடங்கினாலும் அதே ஆளைத் தேர்ந்தெடுத்தால் திறனும் பையில் உள்ள பொருளும் கூடவே வரும். இது தெரியாமல் உலகம் மாற்றும்போதெல்லாம் புது ஆளையும் உருவாக்கி, இரண்டு வார உழைப்பை விட்டுவிட்டு வந்த பையன் ஒருவன் உண்டு.

செத்தால் ஒவ்வொரு திறனிலும் 5 சதவீதம் போகும். அடுத்த லெவலுக்காகச் சேர்த்து வைத்திருந்த அரைகுறை முன்னேற்றமும் போகும். லெவல் 10-ல் இது ஒன்றுமில்லை. லெவல் 60-ல் ஒரே சாவில் மூன்று லெவல். அவற்றைத் திரும்பப் பெறும் நேரத்தில் ஒரு படகு கட்டிவிடலாம்.

சிறு பிள்ளைகளோடு ஆடுகிறீர்கள் என்றால் உலகத்தை உருவாக்கும்போதே அமைப்பில் சாவின் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம். அதில் தவறே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை நான்கு முறை செத்துவிட்டு அழுதுகொண்டு எழுந்து போவதைவிட அது மேல்.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கு மிக முக்கியம். விளையாட்டு தானாகச் சேமிப்பது நீண்ட இடைவெளியில்தான். இடைநிறுத்தத் திரையிலேயே சேமிக்கும் பொத்தான் இருக்கிறது. தாது வெட்டி முடித்ததும், பாஸை (ஒவ்வொரு நிலத்துக்கும் உள்ள தலைமை எதிரியை) கூப்பிடும் முன்னும், கரண்ட் போகும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் அதை அழுத்துங்கள். பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுபவர்களுக்குத் திறனைக் காப்பாற்றும் முதல் வேலை இதுதான்.

2. சாப்பாடு முதலில், ஆயுதம் பிறகு

வெறும் வயிற்றில் உங்கள் உயிர் 25, ஓடவும் அடிக்கவும் செலவாகும் தெம்பான ஸ்டாமினா 50. எந்தத் திறனை எவ்வளவு ஏற்றினாலும் இந்த அடிப்படை மாறாது. உயிரையும் ஸ்டாமினாவையும் பெரிதாக்குவது சாப்பாடு மட்டும்தான். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஆயுதத் திறன் பக்கமே போக வேண்டாம்.

வயிற்றில் மூன்று இடம். மூன்றிலும் வேறு வேறு சாப்பாடு இருக்க வேண்டும். மொஹிங்காவையே மூன்று கிண்ணம் குடித்தால் இங்கே கணக்கில் வராது. தொடக்கத்தில் சுட்ட பன்றி இறைச்சியும் மான் இறைச்சியும் உயிருக்கு, ராஸ்பெர்ரியோ தேனோ ஸ்டாமினாவுக்கு. ஆட்டம் தொடங்கும் நிலமான புல்வெளியில் பாழடைந்த வீடுகளின் கூரைக்குள் தேன்கூடு இருக்கும். அதை உடைத்தால் ராணித்தேனீ கிடைக்கும். ராணியோடு 10 மரம் சேர்த்தால் உங்களுக்கே ஒரு தேன்பெட்டி. இதை இரண்டாம் நாளே செய்யுங்கள். தேன் ஊற நேரம் பிடிக்கும், பின்னால் விஷமுறிவு மருந்துக்கும் தேன்தான் வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு: இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு மரம் வெட்டப் போவது. திரும்பி வந்தால் கரி. சுடும் அந்த அரை நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

3. ஓய்வெடுத்துவிட்டு வெளியே போங்கள்

கூரைக்குக் கீழே, நெருப்புக்குப் பக்கத்தில் சிறிது நேரம் இருந்தால் ‘ஓய்வெடுத்தவர்’ என்ற நிலை வரும். பலர் இதை உயிர் ஊறுவதற்கான சலுகை என்று மட்டும் நினைக்கிறார்கள். ஸ்டாமினா இரட்டிப்பு வேகத்தில் ஊறும். அதைவிட, எல்லாத் திறனும் 50 சதவீதம் வேகமாக ஏறும்.

ஓய்வில்லாமல் ஒரு மணி நேரம் சண்டை போடுபவனும், இடையிடையே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போகிறவனும் ஒரே அளவு உழைத்தால், இரண்டாமவன்தான் முன்னால் நிற்பான். நான் காட்டும் பயிற்சி வழிகளில் இதற்கு ஈடான ஒன்று இல்லை.

இந்த நிலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வீட்டின் வசதியைப் பொறுத்தது. வசதி 1 என்றால் 8 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு வசதிப் புள்ளிக்கும் ஒரு நிமிடம் கூடும். கட்டில், நாற்காலி, மேசை, மான்தோல் விரிப்பு எல்லாம் வசதியைக் கூட்டும். வீட்டை அலங்கரிப்பது நேர விரயம் என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

4. வேலைமேசையா, திறனா: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆயுதத் திறன் 0-ல் இருக்கும்போது ஆயுதத்தில் எழுதியிருக்கும் அடியில் சராசரியாக 40 சதவீதம்தான் எதிரிக்குப் போகும். 100-ல் முழு அடியும் போகும். இடையில் சீராக ஏறும். அதாவது 0-லிருந்து 10-க்கு வந்தால் 40 சதவீதம் 46 ஆகும். உங்கள் அடி முன்பைவிட 15 சதவீதம் கூடியிருக்கிறது.

இப்போது தடியைப் பாருங்கள். அதன் அடி 12. வேலைமேசையில் ஒரு படி உயர்த்தினால் 18. ஒரே அழுத்தில் 50 சதவீதம். அப்புறம் கத்தி, ஈட்டி, கோடாலி என்று எல்லாவற்றையும் பத்துக்குக் கொண்டுவர நாள் கணக்கில் பன்றி அடிப்பதில் என்ன பயன்?

ஆகவே வரிசை இது. மேசைக்குக் கூரை போடுங்கள், கூரை இல்லாவிட்டால் மேசை வேலை செய்யாது. 10 மரம், 10 சிக்கிமுக்கிக்கல் கொண்டு வெட்டுக்கட்டை செய்து பக்கத்தில் வையுங்கள். மேசை இரண்டாம் படிக்கு வரும். அடுத்து தோல் பதனிடும் சட்டம்: 10 மரம், 15 சிக்கிமுக்கிக்கல், 20 தோல்துண்டு, 5 மான்தோல். மேசை மூன்றாம் படி. ஒரு பொருளை இரண்டாம் தரத்துக்கு உயர்த்த மேசையும் இரண்டில் இருக்க வேண்டும். மேசையை விட்டுவிட்டு ஆயுதத்துக்குப் பொருள் சேர்ப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழுது பார்ப்பது இலவசம். மேசைக்குப் போய்ச் சுத்தியல் படத்தை அழுத்தினால் போதும், ஒரு பொருளும் கேட்காது. தேய்ந்த கோடாலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்தவர்கள் ஆறில் நான்கு பேர்.

5. ஒரு கை ஆயுதம், ஒரு வில், ஒரு கேடயம். அவ்வளவுதான்

அண்ணன் மகன் ஒருநாள், “சித்தப்பா, தடி பத்துக்கு வந்துடுச்சு, இனி கத்தியையும் பத்தாக்கட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அடுத்து நாம் போகப்போகும் இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். புல்வெளிக்கு அடுத்த நிலமான கருங்காட்டின் கல்லறைக் குகைகளில் எலும்புக்கூடுகள். அவற்றுக்குத் தடி, கதாயுதம் தரும் மொத்தையான அடி பலமாக விழும், அம்பு சரியாக ஏறாது. சதுப்புநிலத்தில் பசைப்பந்து போன்ற பிளாப்கள், அவற்றுக்கும் அதே அடிதான். அந்த நிலத்தின் பாஸ் போன்மாஸ். வாளும் அம்பும் அவன்மேல் எடுபடாது, மொத்தையான அடிதான் எடுபடும். தடி, வெண்கலக் கதாயுதம், இரும்புக் கதாயுதம் மூன்றும் ஒரே திறனில் சேரும். இன்று பன்றியை அடித்து ஏற்றியது அன்று போன்மாஸுக்கு உதவும். கத்திக்கு அந்த வழி இல்லை.

வில் இரண்டாவது. மான் வேட்டைக்கும், டிரோல் போன்ற பெரிய உருவத்தைத் தூரத்திலிருந்து வீழ்த்தவும் வேண்டும். டிரோலைத் தடியால் அடித்துப் பயனில்லை. திறன் ஏற ஏற நாணை இழுக்கும் நேரமும் குறையும். 10 மரமும் 8 தோல்துண்டும் இருந்தால் முதல் வில் தயார். கல்லிலும் மரத்திலும் எய்து பழகினால் திறன் ஏறாது, உயிருள்ளதன் மேல் பட வேண்டும்.

மூன்றாவது தடுப்பு. புதியவர்கள் கடைசியில் நினைப்பது இதைத்தான். எதிரியின் அடி விழும் அதே நொடியில் கேடயத்தைத் தூக்கினால் எதிரி தள்ளாடுவான். அந்த நிலையில் உங்கள் அடி இரண்டு மடங்கு. சும்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட இப்படிச் சரியான நேரத்தில் தடுத்தால் திறனும் இரட்டிப்பாக ஏறும். வட்டக் கேடயத்தை எடுங்கள். உயரமான கோபுரக் கேடயத்தால் இந்த வித்தை செய்ய முடியாது. பழகுவதற்குப் புல்வெளியில் வரும் கிரேலிங் என்ற சிறிய எதிரி போதும். அதன் அடி மெதுவாக வரும், பட்டாலும் பெரிதாக வலிக்காது. ஒரு மாலை முழுவதும் அதனோடு நின்று பழகிய பையன்தான் இன்று எங்கள் வீட்டில் மிகக் குறைவாகச் சாகிறவன்.

ஓட்டம், குதிப்பு, நீச்சல், மரவெட்டு, சுரங்கவேலை இவற்றைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டாம். தானாக ஏறும். ஓட்டம் 100-ல் வேகத்தை 25 சதவீதம் கூட்டும், ஸ்டாமினா செலவைப் பாதியாக்கும். நல்லதுதான், ஆனால் அது ஏற நீங்கள் வழக்கம்போல் அலைந்தாலே போதும். ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். கோடாலியால் மரம் வெட்டினால் ஏறுவது மரவெட்டுத் திறன். கோடாலிச் சண்டைத் திறன் அதிலிருந்து வேறு. காடு முழுக்க வெட்டியபின் கோடாலியோடு சண்டைக்குப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

6. ஐக்தீர்: எப்போது கூப்பிடுவது

இரண்டு மான் தலைகளை வைத்தால் முதல் பாஸ் ஐக்தீர் வரும். அதன் உயிர் 500. மூன்று வகைச் சாப்பாடு, ஓய்வு நிலை, இரண்டாம் தர ஆயுதம், கேடயம், கை நிறைய அம்பு. இவை இருந்தால் கூப்பிடலாம், திறன் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தள்ளிப்போடாமல் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் கொம்பிலிருந்துதான் பாறை வெட்டும் முதல் பிக்காக்ஸ் வரும். பிக்காக்ஸ் இல்லாமல் செம்பும் வெள்ளீயமும் இல்லை. லெவல் 20 வரட்டும் என்று புல்வெளியிலேயே பன்றி அடித்துக்கொண்டிருப்பவர், வெண்கலம் தரும் பலத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார்.

7. வெண்கலத்தை எதில் போடுவது

மிகப் பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் உலையும் கரிச்சூளையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சர்ட்லிங் கோர் என்ற பொருள் 5, ஆக 10. இவை கல்லறைக் குகைகளில் கிடைக்கும், காவல் எலும்புக்கூடுகள். தடித் திறனை வளர்த்தது முதலில் பயன்படும் இடம் இதுதான். 10 கிடைத்ததும் வெளியே வந்துவிடாதீர்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் போகும் வாசலான போர்ட்டல் ஒரு ஜோடிக்கு இன்னும் 4 வேண்டும்.

2 செம்பும் 1 வெள்ளீயமும் சேர்ந்தால் 1 வெண்கலம். ஒரு செம்புத் தாதுவின் எடை 10, நீங்கள் சுமப்பது 300. உலக அமைப்பை மாற்றாவிட்டால் தாதுவும் உலோகமும் போர்ட்டல் வழியாகப் போகாது. ஒவ்வொரு துண்டும் நடந்து வந்ததுதான். அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே உலையைக் கட்டுங்கள்.

முதல் 8 வெண்கலம் கோடாலிக்கு. பூர்ச்ச மரத்தையும் ஓக்கையும் வெட்ட அது வேண்டும், நல்ல மரம் அவற்றிலிருந்துதான் வரும். நல்ல மரம் இருந்தால் போர்ட்டல், நல்ல வில், மருந்து ஊறவைக்கும் ஃபெர்மென்டர் எல்லாம் திறக்கும். அடுத்த 5 கல்டிவேட்டருக்கு, கேரட் விதைக்க. சாப்பாடு முன்னால் வரும் என்று சொன்னது இங்கேயும் பொருந்தும். அடுத்த 5 ஃபெர்மென்டருக்கு. 2 வெண்கலம் போட்டு, உலோகப் பொருள் செய்யும் பட்டறையில் பட்டடை வைத்தால் பட்டறை இரண்டாம் படி.

இவை முடிந்த பிறகு கதாயுதம் 8. பிறகு கவசம், ஒரு துண்டுக்கு 5 என்று மூன்றுக்கும் 15. வேலைமேசையை நான்காம் படிக்கு ஏற்றும் கருவிக்கு 3. கடல் தாண்ட வேண்டும் என்றால் கார்வே படகுக்கு 80 வெண்கல ஆணி. 1 வெண்கலத்தில் 20 ஆணி வரும், ஆக 4.

எல்லாம் கூட்டினால் 50. அதாவது 100 செம்பு, 50 வெள்ளீயம். நேராகக் கவசத்தில் தொடங்கிய பையன் முதல் 15 வெண்கலத்தையும் உடம்பில் போட்டுக்கொண்டான். கோடாலி இல்லை, நல்ல மரம் இல்லை, போர்ட்டல் இல்லை. பளபளவென்று நடந்தே திரிந்தான்.

8. செத்துவிட்டால் செய்ய வேண்டியது

சாகாமல் யாரும் ஆடுவதில்லை. செத்த பிறகு 10 நிமிடம் திறன் இழப்புக்கு விலக்கு உண்டு. அதற்கான அடையாளம் திரையில் தெரியும். அந்த நேரத்தில் மறுபடி செத்தாலும் திறன் குறையாது. அதனால் செத்த இடத்தில் உங்கள் பொருளோடு நிற்கும் கல்லறைக்குப் போய் அதை எடுக்கும் வேலையை அந்த 10 நிமிடத்துக்குள் வையுங்கள்.

ஆனால் வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள். செத்ததும் வயிற்றில் இருந்த சாப்பாடு காலி, உயிர் மறுபடி 25. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அதில் எப்போதும் கட்டுச்சோறு போல மூன்று வகைச் சாப்பாடு, ஒரு பழைய தடி, ஒரு கேடயம், தோல் உடுப்பு வையுங்கள். எழுந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு நிமிடம் போதும்.

வழியில் மறுபடி செத்தாலும் பழைய கல்லறை அங்கேயே இருக்கும். பொருள் போய்விட்டது என்று எண்ணிப் பதறி, அன்றைய ஆட்டத்தையே மூடிவிட்டுப் போனவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

9. சதுப்புநிலத்துக்குள் போகும் முன்

கருங்காட்டின் பாஸான எல்டரை வென்றதும் சதுப்புநிலக் குகைகளின் சாவி கிடைக்கும். உள்ளே சேற்றுக்குவியலில் இரும்பு. கை சுறுசுறுக்கும், உடனே ஓடத் தோன்றும். விஷமுறிவு மருந்து இல்லாமல் ஓடாதீர்கள். ஃபெர்மென்டரில் அது ஊற நீண்ட நேரம் ஆகும். எனவே எல்டரைக் கூப்பிடும் முன்பே ஊறப் போட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் உங்கள் தடித் திறனும் தடுப்பும் 20, 30 என்று இருக்கும். விஷத்தில் இரண்டு முறை செத்தால் அவற்றில் 10-ல் ஒரு பங்கு போய்விடும்.

முதல் 20 இரும்பு கதாயுதத்துக்கு. கவசத்துக்கு இப்போது வேண்டாம், போன்மாஸ் முன்னால் நிற்கும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்த அடிதான்.

10. சேர்ந்து ஆடுபவர்களுக்கு

ஒரு உலகத்தில் 10 பேர் வரை ஆடலாம். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் தடியும் கேடயமும், ஒருவர் வில், மூன்றாமவர் சமையலும் தோட்டமும். கதாயுதத்தை முதலில் முன்னால் நிற்பவருக்கு, நல்ல வில்லை வில்லாளிக்குக் கொடுங்கள். ஆளுக்குப் பாதி என்று வெண்கலத்தைப் பங்கு போட்டால் யாருக்கும் முழுதாக ஒன்றும் வராது.

தடுப்பை மட்டும் மூவரும் பழக வேண்டும், சமையல்காரர் உட்பட. முன்னால் நிற்பவர் விழுந்தால் அடுத்த அடி சமையல்காரர் மேல்தான் வரும்.